அரசு மருத்துவமனைக் கட்டடங்களின் கணக்கு: யார் எழுதுவது, எதை நம்புவது?

நொய்யல்கரை:
அரசுக் கட்டடங்களின் மின்பணியில் நெடுநாள் இருந்து ஓய்வுபெற்றவன் நான். நம் கொங்குப் பகுதி அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றும் மாதம் எத்தனை யூனிட் மின்சாரம், எத்தனை லிட்டர் தண்ணீர், எவ்வளவு டீசல் செலவழிக்கின்றன, லிஃப்ட் எத்தனை நாள் நின்றது, எந்தக் கூரை ஒழுகுகிறது என்பதையெல்லாம் ஒரே இடத்தில், பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று கேட்கிறேன். இப்போது மின்கட்டண ரசீது மருத்துவமனை அலுவலகத்தில் இருக்கிறது. கட்டடப் பழுதுக்கான மதிப்பீடு பொதுப்பணித்துறையில் இருக்கிறது. கருவிகளின் பராமரிப்பை 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பார்க்கிறது. மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்ப்பவரை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. இங்கிலாந்தில் பொது மருத்துவமனைகளை நடத்தும் அமைப்புகள் எல்லாம் ஆண்டுதோறும் இந்த விவரங்களைக் கட்டாயமாகத் தரவேண்டும். செய்யாமல் தள்ளிப்போட்ட பழுதுவேலைகளின் மதிப்பும் அதில் அடங்கும். நம்மால் ஏன் முடியாது?

பவானிக்கூடல்:
ஐயா, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் இதை ஏற்க முடியவில்லை. நான் அரசு மருத்துவமனை அலுவலகத்தில் ஆண்டுக்கணக்காகப் படிவம் நிரப்புகிறவள். பிரசவம், தடுப்பூசி, உள்நோயாளி, மருத்துவக் கழிவு என்று ஏற்கெனவே அனுப்பும் அறிக்கைகளிலேயே மாதக் கடைசி நாட்கள் கரைந்துவிடுகின்றன. இன்னொரு படிவம் வந்தால் அதுவும் நிரம்பிவிடும். உண்மையைக் கொண்டு நிரம்புமா என்பதே என் கேள்வி.

முன்பு நான் இருந்த ஒரு மருத்துவமனையில், அன்றாடத் தண்ணீர்ச் செலவு என்ற கட்டத்தில் மாதம் தவறாமல் 67,500 லிட்டர் என்றே எழுதியிருந்தது. கோடையில் கிணறு வற்றி லாரித் தண்ணீர் வாங்கிய மாதத்திலும் அதே 67,500. தோண்டிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. நூறு படுக்கைக்கு மேற்பட்ட மருத்துவமனைக்குப் படுக்கை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 450 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் அளவு. எங்களுக்கு 150 படுக்கைகள். யாரோ ஒருவர் பெருக்கி எழுதிவிட்டார், அடுத்து வந்தவர்கள் பார்த்து எழுதினார்கள். தண்ணீர் மீட்டரைத் தேடிப் போனேன். போர்வெல் தண்ணீரின் உப்பு கண்ணாடி முழுக்கப் படிந்திருந்தது. சாவியால் சுரண்டிப் பார்த்தால் முள் அசையவே இல்லை. அது எப்போது நின்றது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

ஆலைக்கணக்கு:
திருப்பூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையின் மின்கணக்கைப் பார்ப்பவன் நான். அம்மா சொல்வது எங்கும் நடப்பதுதான். அதற்காகக் கணக்கையே கைவிட வேண்டுமா? ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் என்பதை ஆலையில் ‘யூகேஜி’ என்போம். அது கொஞ்சம் ஏறினாலும் அன்றைக்கே கேள்வி வரும். கோவையில் 1956-இல் தொடங்கப்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், ஒன்றோடொன்று போட்டிபோடும் ஆலைகளிடமே எண்களைக் கேட்டு வாங்கிப் பல பத்தாண்டுகளாக ஒப்பாய்வு நடத்தி வருகிறது. போட்டிக்காரர்களே தருகிறபோது, ஒரே அரசின் மருத்துவமனைகள் தருவதில் என்ன தயக்கம்?

ஆனால் மருத்துவமனையின் செலவை எந்த எண்ணால் வகுத்து ஒப்பிடுவது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட படுக்கைகளால் வகுத்தால், தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் நோயாளி கணக்கிலேயே வரமாட்டார். கூட்டம் நிரம்பி வழியும் மருத்துவமனைதான் மின்சாரத்தை வீணாக்குகிறது என்று தோன்றும். ஊட்டியின் வெந்நீர்ச் செலவையும் கரூரின் மின்விசிறிச் செலவையும் ஒரே தராசில் வைக்கவும் கூடாது.

சென்னிமலையான்:
நொய்யல்கரை அவர்கள் காட்டிய இங்கிலாந்தையே பாருங்கள். அங்கே தள்ளிப்போட்ட பழுதுவேலைகளின் மதிப்பு 2022-23-இல் 1,160 கோடி பவுண்டு. அடுத்த ஆண்டே 1,380 கோடி பவுண்டு. இத்தனை காலம் எண்ணி என்ன பயன்? என் தாயாரைச் சேர்த்திருந்த வார்டில் ஐப்பசி மழைக்குக் கூரை ஒழுகியது. ஒரே இரவில் கட்டிலை மூன்று முறை இழுத்துப் போட்டோம். அதைத் தெரிந்துகொள்ள எங்களுக்குப் புள்ளிவிவரம் தேவைப்படவில்லை. படிவத்துக்கும் கணினிக்கும் போகும் பணத்தில் ஓர் ஓரமாவது தளம் பூசியிருக்கலாம்.

நொய்யல்கரை:
அந்தக் கூரை ஒழுகுவது உங்களுக்குத் தெரியும். நிதி ஒதுக்கும் மேசையில் இருப்பவருக்குத் தெரியாது. இங்கிலாந்தில் அந்தப் பாக்கியை ஆபத்தின் அளவைப் பொறுத்து நான்காகப் பிரிக்கிறார்கள்; நோயாளிக்கு உடனே தீங்கு செய்யக்கூடிய பழுதும் சுவரில் சாயம் உரிவதும் ஒரே தொகையாகக் கலந்துவிடுவதில்லை. வேலை நடக்காததால்தான் தொகை ஏறியது, எண்ணியதால் ஏறவில்லை. அந்த எண் இருப்பதால்தான் நீங்களே இங்கிருந்து அதைச் சுட்டிக்காட்ட முடிகிறது.

அம்மா சொன்ன குறையை மறுக்க மாட்டேன். உயரழுத்த மின் இணைப்பில், மீட்டர் காட்டும் எண்ணைப் பெருக்கு எண்ணால் பெருக்கினால்தான் உண்மையான யூனிட் வரும். ஓரிடத்தில் பகல் ஷிஃப்டுக்காரர் பெருக்கியும் இரவு ஷிஃப்டுக்காரர் பெருக்காமலும் ஒரே நோட்டில் எழுதி வந்தார்கள், இருவருமே நேர்மையானவர்கள். மின்வாரிய ரசீதோடு ஒப்பிட்டபோதுதான் பிழை தெரிந்தது. பெருக்கு எண்ணை மீட்டர் பெட்டியின் கதவிலேயே பெயிண்டால் எழுதி வைத்தோம். அதன்பின் குழப்பம் இல்லை. சரிபார்க்க வேறொரு சான்று இருக்கும் எண்களை மட்டும் முதலில் கேட்போம்: மின்சாரத்துக்கு ரசீது, டீசலுக்குப் பில்லும் ஜெனரேட்டரின் மணிக்கணக்கும்.

பவானிக்கூடல்:
இப்படிக் குறைத்துக் கேட்டால் பேசலாம். நேற்றிரவு ஒன்றை நினைத்துப் பார்த்தேன். 67,500 எழுதிய அதே மருத்துவமனையில், 2021-இன் இரண்டாம் அலையின்போது, அதே ஊழியர்கள்தான் திரவ ஆக்சிஜன் தொட்டியின் அளவை மணிக்கொரு முறை எழுதினார்கள். விடியற்காலை மூன்று மணிக்கும் டார்ச் அடித்துப் பார்த்து எழுதிய அந்த நோட்டில் ஓர் எண்கூடப் பொய்யில்லை. அந்த எண்ணைக் கேட்டுத்தான் டேங்கர் லாரி புறப்பட்டது. தண்ணீர்க் கணக்கைப் பார்த்து எவரும் எதையும் அனுப்பியதில்லை.

ஆகவே என் நிபந்தனை இதுதான். மீட்டர் ஓடாத இடத்தில் ‘மீட்டர் ஓடவில்லை’ என்று எழுதப் படிவத்தில் இடம் இருக்க வேண்டும். அப்படி எழுதியவருக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரக்கூடாது. மீட்டர் வர வேண்டும்.

சென்னிமலையான்:
கூரைக்கும் அந்த ஏற்பாடு பொருந்துமானால் என் எதிர்ப்பைப் பாதி விலக்கிக்கொள்கிறேன். ஒழுகல் எழுதிய தேதியும் சரிசெய்த தேதியும் அடுத்தடுத்த கட்டங்களில் எல்லோர் பார்வைக்கும் இருக்கட்டும். ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது; இரண்டாவது கட்டம் காலியாகவே கிடந்தால் இங்கேயே வந்து கேட்பேன்.