பத்தாவது வரை மட்டும் உள்ள சின்ன கிறிஸ்தவப் பள்ளி: பிள்ளையின் பின்னாள் வாழ்க்கைக்கு அது எவ்வளவு கைகொடுக்கும்?

தேரிக்காட்டான்:

என் மைத்துனர் மகள் வருகிற ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். சாத்தான்குளத்துக்கும் உடன்குடிக்கும் இடையில் நான் படித்த கிறிஸ்தவப் பள்ளி இருக்கிறது. எய்டட் பள்ளி, அதாவது சபை நடத்தும், ஆசிரியர் சம்பளம் அரசு தரும். ஆறு முதல் பத்து வரை, மொத்தமே 180 பிள்ளைகள். அங்கே சேருங்கள் என்கிறேன். "அங்க படிச்சு யாரு முன்னுக்கு வந்தா?" என்கிறார் அவர். வீட்டில் பேசித் தீரவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பா பனையேறி. நான் பத்தாவது படிக்கும்போது பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்பு பதநீர் சீசன் தொடங்கிவிட்டது. விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சும் ஓலைக் குடிசையில், அம்மாவோடு உட்கார்ந்து கருப்பட்டி காய்ச்ச ஓலை எரித்துக்கொண்டிருந்தேன். நாலு நாள் பள்ளிக்குப் போகவில்லை. ஐந்தாம் நாள் கணக்கு சார் தேரி மணலில், எங்கள் பக்கத்துச் செம்மணல் மேட்டில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அந்த மணலில் சைக்கிளை ஓட்ட முடியாது, இரண்டு கிலோமீட்டரும் தள்ளித்தான் வந்திருக்க வேண்டும். அப்பாவிடம் ஒரு பட்டை (பனையோலைக் குடுவை) பதநீர் வாங்கிக் குடித்தார். "அண்ணாச்சி, இன்னும் பதினெட்டு நாளுதான். பையன போர்டிங்ல வச்சிக்கிடுதேன். பரீட்ச முடிஞ்ச அன்னைக்கே உங்க கையில கொண்டாந்து விட்டுருதேன்" என்றார். அப்பா தலையாட்டினார்.

இன்று தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கணக்குப் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. அந்தப் பதினெட்டு நாள் இல்லையென்றால் இது இல்லை. பெரிய பள்ளியில் நாலு நாள் வராத பையனை யார் தேடுவார்கள்?

ராம்நாடு ரஃபீக்:

உங்கள் மைத்துனருக்கு எங்கள் ஊர்க் கதையைச் சொல்லுங்கள் அண்ணே. ராமேஸ்வரத்துக் குடும்பத்தில் பிறந்த அப்துல் கலாம் ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில்தான் உயர்நிலைப் படிப்பு படித்தார். கிறிஸ்தவ மிஷன் பள்ளி. அங்கே அய்யாத்துரை சாலமன் என்ற ஆசிரியர் தனக்குத் தன்னம்பிக்கை கொடுத்ததைத் தன் சுயசரிதையிலேயே எழுதியிருக்கிறார். அப்புறம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி, அதுவும் கிறிஸ்தவ நிறுவனம். ஐந்து வேளை தொழுகிற வீட்டுப் பையன் அங்கே படித்துவிட்டு, அதே மார்க்கத்தோடு ஜனாதிபதி மாளிகை வரைக்கும் போனார். என் வாப்பாவும் மிஷன் பள்ளிதான். பள்ளியில் அவரை யாரும் மாற்றப் பார்த்ததில்லை, படிக்கத்தான் வைத்தார்கள்.

மணிமேகலை டீச்சர்:

தம்பிகளா, அந்தக் கணக்கு சாரை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அவர் மணலில் நடந்து வந்தது பள்ளியின் பெயர்ப் பலகையாலா, அவர் மனசாலா? நான் 22 வருடமாக அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி திங்கட்கிழமை வரவில்லை. தோழியிடம் விசாரித்தால், வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தமாம். சாயங்காலமே தலைமையாசிரியையும் நானும் ஆட்டோ பிடித்து அவள் வீட்டுக்குப் போனோம். பெண்ணின் தாத்தா எங்களை உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலில் நின்று ஒரு மணி நேரம் பேசினோம். இன்று அவள் மதுரையில் நர்ஸ். இதை எந்தச் சபையும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

ரஃபீக் தம்பி, கலாமுக்கு அடித்தளம் போட்டது ராமேஸ்வரத்துத் தொடக்கப் பள்ளி. அங்கே அவரை ஊக்குவித்தவர் சிவசுப்பிரமணிய ஐயர். சென்னை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தபோது கட்டப் பணம் இல்லாமல், அக்கா ஜோஹரா தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அடகு வைக்க வளையல் இல்லாத வீட்டுப் பையன்களும் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் எழுதவில்லை. ஜெயித்தவரை மட்டும் எடுத்துக்கொண்டு பள்ளியை அளந்தால் எந்தப் பள்ளியும் நல்ல பள்ளிதான்.

இதையும் உங்கள் மைத்துனரிடம் மறைக்காதீர்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ல் வந்தது. அடுத்த வருடமே பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் என்று விரிந்தது. அதற்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எய்டட் பள்ளிக்கு அது கிடையாது. உங்கள் பள்ளியோ பத்தோடு நின்றுவிடுகிறது. அவள் பதினொன்றாம் வகுப்புக்கு அரசுப் பள்ளியில் சேர்ந்தாலும் அந்தக் கதவு மூடியதுதான். பனையேறி வீட்டுப் பிள்ளை, கூலி வேலை வீட்டுப் பிள்ளை எல்லாம் எய்டட் பள்ளியிலும்தான் இருக்கிறார்கள், அவர்களை விட்டது அநியாயம் என்று நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் சட்டம் இன்று இப்படி இருக்கும்போது ஒரு பெண் குழந்தையின் டாக்டர் கனவை வைத்து நாம் வாதாட முடியாது.

தேரிக்காட்டான்:

டீச்சர், 7.5 விஷயம் எனக்கு உறைக்கவே இல்லை. நன்றி, மைத்துனரிடம் முதலில் அதைத்தான் சொல்வேன். மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தை எய்டட் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பெண்களுக்கும் நீட்டித்துவிட்டார்கள். இதுவும் ஒருநாள் மாறும் என்று நம்புகிறேன்.

ஆனாலும் நான் சொல்ல வந்தது வேறு. காலை பிரேயரில் தினமும் ஐந்து பிள்ளைகள் மேடை ஏற வேண்டும். ஒருவர் வேத வசனம், ஒருவர் திருக்குறள், ஒருவர் செய்தி, ஒருவர் பொது அறிவு, ஒருவர் ஜெபம். ஜெபத்துக்குப் பதில் எங்கள் வகுப்பு முத்துமாரி மௌன அஞ்சலி மாதிரி ஒரு நிமிடம் நிற்கச் சொல்வாள், யாரும் ஒன்றும் சொன்னதில்லை. 180 பேரில் தினம் ஐந்து பேர் என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எவனுக்கும் முறை வந்தே தீரும். ஒளிய இடம் கிடையாது. எட்டாவதில் கைநடுங்க செய்தி வாசித்த நான், முதல் இன்டர்வியூவில் நடுங்காமல் உட்கார்ந்தேன். ஆயிரத்தைந்நூறு பேர் படிக்கிற பள்ளியில் இந்த முறை நன்றாகப் பேசுகிற பத்துப் பேரையே சுற்றிச் சுற்றி வரும்.

செம்மண் சூளை:

அதே மாதிரி இன்னொரு சின்னப் பள்ளியில் ஒளிய இடம் இல்லாமல் போனவன் ஒருவனைப் பற்றி நானும் சொல்ல வேண்டும். பள்ளியின் பெயர் வேண்டாம். நானும் சின்ன கிறிஸ்தவப் பள்ளிதான், ஒன்பதாவது. ஃபீஸ் இல்லை என்பார்கள், ஆனால் கட்டட நிதி என்று 300 ரூபாய். கட்டாதவர்கள் பெயரை வெள்ளிக்கிழமை பிரேயரில் வாசிப்பார்கள். மூன்று வாரம் எட்டுப் பெயர் வந்தது. நாலாம் வாரம் ஒரே பெயர். என் பக்கத்தில் உட்காருகிறவன். அவன் அப்பா செங்கல் சூளையில் இருந்தார், கட்ட முடியவில்லை. பெயரை வாசித்ததும் அவன் எழுந்து நின்றான். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். நானும் பார்த்தேன், அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. திங்கட்கிழமை அவன் வரவில்லை. எந்த சாரும் சைக்கிள் எடுக்கவில்லை.

தேரிக்காட்டான் அண்ணே, எல்லோரும் எல்லோரையும் அறிந்த இடத்தில்தான் அவமானமும் முழுசாக விழும். பெரிய பள்ளியில் அவன் ஒருவேளை கூட்டத்தில் மறைந்து பத்தாவதை முடித்திருப்பான்.

வடமராட்சியான்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். மிஷன் பள்ளிக்கூடம் பிள்ளையைத் தன் அச்சிலேயே வார்த்துவிடும் என்று இரண்டு பக்கமும் எண்ணுகிறீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. ஆறுமுக நாவலர் படித்ததும் படிப்பித்ததும் பீட்டர் பேர்சிவல் பாதிரியாரின் வெஸ்லியன் பள்ளியில். விவிலியத்தைத் தமிழில் பெயர்க்க அவருக்குத் துணை நின்றவர் நாவலர். அங்கிருந்து வெளியே வந்து 1848ல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். வகுப்புக்கு வகுப்புப் பாடநூல், அச்சுக்கூடம், கோயிலில் மேடைப் பிரசங்கம் எல்லாம் மிஷனிடம் கற்ற கைவேலை. அதைக்கொண்டே மிஷனுக்கு எதிர்நின்றார்.

சி.வை. தாமோதரம்பிள்ளை அமெரிக்க மிஷனின் வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். பின்பு சைவராகி, ஏட்டில் கிடந்த கலித்தொகையை 1887ல் பதிப்பித்தார். அந்த செமினரி 1855லேயே மூடப்பட்டுவிட்டது. பள்ளி போய்விட்டது, அது கொடுத்த பழக்கம் போகவில்லை.

1960இல் இலங்கை அரசு நிதியுதவி பெற்ற பள்ளிகளில் பெரும்பாலானவற்றைத் தானே எடுத்துக்கொண்டது. என் தகப்பனார் படித்த சிறிய மிஷன் பள்ளியும் அப்படி அரசாங்கப் பள்ளி ஆனது. பலகை மாறியது, அதே வாத்தியார்மார் அதே கதிரையில் இருந்தார்கள், பின்னேர வகுப்பும் அப்படியே நடந்தது. அவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்ற பிறகுதான் பள்ளி மாறியது என்று அப்பா சொல்லுவார். டீச்சர் அக்கா சொல்வது சரி என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் அப்படிப்பட்ட வாத்தியார்மாரை ஒரே கூரையின் கீழ் சேர்த்து வைத்தது அந்த மிஷன்தானே, அதையும் மறுக்க ஏலாது.

கயல்விழி:

கல்வி ஆராய்ச்சியில் இருக்கிறேன். அமெரிக்காவில் இதே வழக்கு நாற்பது வருடத்துக்கு மேலாக நடக்கிறது. சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் 1982ல், வீட்டு வசதியைக் கணக்கில் எடுத்த பிறகும் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அரசுப் பள்ளி மாணவர்களைவிட நன்றாகச் செய்கிறார்கள் என்றார். பெற்றோரும் ஆசிரியரும் கோயிலும் ஒருவரை ஒருவர் அறிந்திருப்பதுதான் காரணம் என்பது பின்னால் அவர் தந்த விளக்கம். அந்தப் பள்ளியைத் தேடிப் போகிற குடும்பமே வேறு மாதிரி, பெருமை பள்ளிக்கு இல்லை என்று மறுத்தவர்கள் பலர். 2005ல் ஆல்டோன்ஜி, எல்டர், டேபர் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் இந்தச் சிக்கலை நேராக எடுத்துக்கொண்டு பார்த்தார்கள். மதிப்பெண்ணைக் கூட்டுகிறது என்பதற்குப் பெரிதாக ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் பள்ளிப் படிப்பைப் பாதியில் விடாமல் முடிப்பதில் பலமான வித்தியாசம் தெரிந்தது.

தேரிக்காட்டான் சார், கணக்கு சார் உங்களுக்குக் கூடுதல் மார்க் வாங்கித் தரவில்லை. உங்களைப் பரீட்சை ஹாலில் உட்கார வைத்தார், அவ்வளவுதான். அந்த ஆய்வு சொல்வதும் அதைத்தான்.

மணிமேகலை டீச்சர்:

கயல், அங்கே அந்தப் பள்ளிகள் பெற்றோர் பணம் கட்டி நடக்கிறவை. இங்கே எய்டட் பள்ளி ஆசிரியருக்கு அரசுதான் சம்பளம் தருகிறது. கணக்கு சார் வாங்கியதும் நான் வாங்குவதும் ஒரே கஜானா. அதனால் அந்த ஊர் முடிவை அப்படியே எடுத்து இங்கே வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பாதியில் விடாமல் முடிப்பதுதான் முக்கியம் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அப்படியானால் பள்ளியைக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: போன ஐந்து வருடத்தில் ஆறாம் வகுப்பில் சேர்ந்த எத்தனை பேர் பத்தாவது எழுதினார்கள்? அட்மிஷன் ரிஜிஸ்டர் தலைமையாசிரியர் மேஜையில் இருக்கும். மைத்துனரை நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள் தம்பி. சபைப் பள்ளியானாலும் சரி, எங்கள் பள்ளியானாலும் சரி.

செம்மண் சூளை:

நேற்று இதை எழுதிய பிறகு தூக்கம் வரவில்லை. ஊரில் விசாரித்து அவன் நம்பர் வாங்கி, இருபது வருடம் கழித்து இன்று காலையில் பேசினேன். லோடு ஆட்டோ வைத்திருக்கிறான். என் குரலை உடனே கண்டுபிடித்துவிட்டான். அன்று திரும்பிப் பார்த்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "நீ மட்டுமால பாத்த, விடு" என்றான். அவன் மகள் ஏழாவது, அரசுப் பள்ளி. வீட்டுக்கு எதிரிலேயே அந்தக் கிறிஸ்தவப் பள்ளி இருக்க, ஏன் தூரமாக அனுப்புகிறாய் என்று கேட்டேன். "இங்க பேரு வாசிக்க மாட்டாங்க" என்றான்.

தேரிக்காட்டான்:

படித்தேன். எங்கள் பள்ளியிலும் வளர்ச்சி நிதி என்று ஒன்று வாங்கினார்கள். எனக்கு அதைக் கணக்கு சார் கட்டியதாக அம்மா பிற்பாடு சொன்னாள். மற்றவர்களுக்கு யார் கட்டினார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு பழைய மாணவர் கூட்டம். டீச்சர் சொன்ன ரிஜிஸ்டர் கணக்கையும், இன்றும் பெயர் வாசிக்கிறார்களா என்பதையும் தாளாளரிடம் நேரில் கேட்கப் போகிறேன். மைத்துனரையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அதுவரை அவர் எந்தப் பள்ளியிலும் ஃபாரம் வாங்கவில்லை.