மோல்டிங் டூல்பாத்: ஃப்ரேமின் வெளி மூலை வட்டமாக வருகிறது, பரப்பில் வரி வரியாக நிற்கிறது

கேள்வி:
விகார்வ் ப்ரோவில் (சிஎன்சி வெட்டு மெஷினுக்கான சாஃப்ட்வேர்) மோல்டிங் டூல்பாத், அதாவது ஒரு குறுக்குவெட்டை ஒரு கோட்டின் மேல் ஓட்டி வெட்டும் பாதை, வைத்து ஒரு போட்டோ ஃப்ரேம் போடுகிறேன். வெளி அளவு 500 × 400 மி.மீ., சட்டத்தின் அகலம் 40, பலகை 19 மி.மீ. கனம். குறுக்குவெட்டு வெளிப்பக்கம் உயர்ந்து, படத்தை நோக்கி 6 மி.மீ. இறங்குகிறது. உள் செவ்வகம்தான் ரெயில் (குறுக்குவெட்டு ஓடும் கோடு). பிரிவியூவில் உள் மூலைகள் கூர்மை, வெளி மூலைகள் நான்கும் வட்டம். ஃபினிஷிங்குக்கு 6 மி.மீ. பால்நோஸ் (நுனி உருண்டையான பிட்), ஸ்டெப் ஓவர் (அடுத்தடுத்த பாஸ்களின் இடைவெளி) 1.2 மி.மீ. வெட்டி முடித்த பிறகு விரலால் தடவினாலே வரிகள் தெரிகின்றன. பின்பக்கத்தில் கண்ணாடி உட்காரும் காடியை முன்பக்கத்துக்கு முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா?

பதில் 1:
வட்டம் வருவது பிழை இல்லை. குறுக்குவெட்டு ரெயிலின் மேல் ஊர்ந்து வரும்போது, மூலைப் புள்ளியை மையமாக வைத்து 90° சுழல்கிறது. அதனால் வெளி மூலை 40 மி.மீ. ஆரமுள்ள வில்லாகிறது, உங்கள் சட்ட அகலமும் அதே 40தான். டூல்பாத் பக்கத்தில் உள்ள ஷார்ப் கார்னர்ஸ் பெட்டியை டிக் செய்தால் விளிம்புகள் நீண்டு, 45° கோட்டில் சேரும். இன்னொரு வழி, வெளி செவ்வகத்தை ரெயிலாக வைத்துக் குறுக்குவெட்டை உள்நோக்கி விடுவது. உள்ளே போகும் இணைகோடுகள் இயல்பாகவே கூர்மையாக முடியும்.

முதலில் ரெயில், அடுத்து குறுக்குவெட்டு என்ற வரிசையில் செலக்ட் செய்யுங்கள். குறுக்குவெட்டு திறந்த கோடாக இருக்கவேண்டும். அதன் தொடக்க முனைதான் ரெயிலில் ஒட்டும். மோல்டிங் தப்பான பக்கம் விழுந்தால் ரெயிலின் திசையைத் திருப்புங்கள், குறுக்குவெட்டை மிர்ரர் செய்து குழம்ப வேண்டாம்.

ஓவல் ஃப்ரேம் செய்பவர்களுக்கு ஒன்று. வெளிக்கோட்டை ரெயிலாக்கினால், வளைவின் மிகச் சிறிய ஆரம் சட்ட அகலத்தைவிடப் பெரிதாக இருக்கவேண்டும். 400 × 300 ஓவலில் மிகச் சிறிய ஆரம் 112.5 மி.மீ., அதில் 40 மி.மீ. சட்டம் தாராளமாக ஓடும். 20 மி.மீ. வளைவுகள் கொண்ட பூ வடிவ ஃப்ரேமில் அதே சட்டம் தன்மேல் தானே ஏறிக்கொள்ளும்.

பதில் 2:
வரிகளுக்குக் காரணம் உங்க 1.2 மி.மீ. ஸ்டெப் ஓவர். ரெண்டு பாஸ் நடுவுல நிக்கிற மேட்டோட உயரம் ஏறக்குறைய ஸ்டெப் ஓவரின் வர்க்கம் ÷ (8 × பிட் ஆரம்). 6 மி.மீ. பால்நோஸுக்கு ஆரம் 3. 1.2 வச்சா 0.06 மி.மீ. மேடு நிக்கும், கைக்குத் தட்டுப்படும். 0.6 ஆக்கினா 0.015 தான், உப்புத்தாள் ரெண்டு இழுப்புல போயிடும். பாதியாக்கினா மேடு கால்வாசியா குறையுது, நேரம் மட்டும் ரெண்டு மடங்கு.

நேரத்தையும் கணக்கு பண்ணிக்கோங்க. சட்டத்தோட நடுக்கோடு ஒரு சுத்து 1,640 மி.மீ. 40 மி.மீ. அகலத்துக்கு 0.6ல சுமார் 67 பாஸ், மொத்தம் 110 மீட்டர். நிமிஷத்துக்கு 2,400 மி.மீ. ஓட்டினா 46 நிமிஷம். குறுக்குவெட்டு வளைஞ்சு நெளிஞ்சிருந்தா இன்னும் கூடும். மூலையில மெஷின் வேகம் குறையறது வேற.

ஃபினிஷிங்குக்கு முன்னாடி 6 மி.மீ. எண்ட் மில் (நுனி தட்டையான பிட்) வச்சு ரஃபிங் (அதிக மரத்தை முதல்ல எடுக்கிற வெட்டு) போடுங்க, 0.5 மி.மீ. மிச்சம் விட்டா போதும். ரெண்டு ஃப்ளூட் (வெட்டுற பல்) பால்நோஸ், 16,000 ஆர்பிஎம், 2,400 ஃபீட்னா பல்லுக்கு 0.075 மி.மீ. வருது, ஆரம்பிக்க நல்ல அளவு.

தட்டையான இடத்தை பால்நோஸ்ல வெட்டாதீங்க. பந்தோட அடி நுனியில சுத்துற வேகம் பூஜ்ஜியம், அங்க மரம் வெட்டுப்படாது, தேயும், நாரா எழும்பும். அந்தப் பட்டைகளை எண்ட் மில்லுக்குத் தனியா கொடுத்துடுங்க. செங்குத்தான படி இருந்தாலும் இதே கதைதான், அடியில 3 மி.மீ. வளைவு நிக்கும். குறுக்குவெட்டு உள்பக்கமா மடங்கியிருந்தா மூணு அச்சு மெஷின்ல வெட்டவே முடியாது.

குறுக்குவெட்டை ஸ்கேன் பண்ணின படத்துல இருந்து ட்ரேஸ் பண்ணியிருந்தா நோடுகளை (கோட்டுல இருக்கிற புள்ளிகளை) எண்ணிப் பாருங்க. நூத்துக்கணக்குல இருந்தா அழிச்சிட்டு நாலஞ்சு வில்லால திரும்ப வரைங்க.

கேட்டவர்:
ஷார்ப் கார்னர்ஸ் வேலை செய்தது, வெளி மூலை சரி. ஆனால் 45° சேரும் கோடு உள்ளே போகப் போக மழுங்கித் தெரிகிறதே?

பதில் 3:
உங்கள் சட்டம் உள்நோக்கிச் சரிவதால் அந்தக் கோடு பள்ளத்தாக்கு. உருண்டையான பிட் அதன் அடியைத் தொடாது. உள்நோக்கி ஏறும் சட்டமாக இருந்தால் கோடு கூரை முகடு போல நிற்கும், இந்தத் தொல்லை வராது. 3 மி.மீ. பால்நோஸால் மூலையை மட்டும் இன்னொரு முறை ஓட்டினால் மழுக்கம் பாதியாகும். மீதிக்கு உளிதான் வேகம்.

காடியை முதலில் முடியுங்கள். முன்பக்கம் தட்டையாக இருக்கும்போதே பலகை பெட்டில் (மெஷின் மேசையில்) நன்றாகப் படியும். காடியும் இரண்டு டவல் (பொருத்தும் குச்சி) துளைகளும் ஒரே செட்டப்பில். பிறகு திருப்பி அதே டவல்களில் உட்காரவைத்து மோல்டிங். இரண்டு பக்கத்துக்கும் இசட் (உயர) பூஜ்ஜியத்தைப் பெட்டிலிருந்து எடுங்கள். உங்கள் திறப்பு 420 × 320. பக்கத்துக்கு 6 மி.மீ. காடி என்றால் 432 × 332, கண்ணாடி 429 × 329. ஆழம் 9 வைத்தால் 19 − 9 − 6 = 4 மி.மீ. உதடு (கண்ணாடியைத் தாங்கும் விளிம்பு) மிஞ்சும். 3க்குக் கீழே போனால் உடையும். காடியின் மூலையில் எண்ட் மில் 3 மி.மீ. வளைவு விடும், கண்ணாடி ஒரு பக்கம் நகர்ந்தால் அதில் இடிக்கும், உளியால் சதுரமாக்குங்கள்.

மோல்டிங் டூல்பாத் ஃப்ரேமை அறுத்து எடுக்காது. அதற்கு ப்ரொஃபைல் டூல்பாத் (விளிம்பைச் சுற்றி அறுப்பது), டேபுடன் (பலகையோடு பிடித்துவைக்கும் சிறு துண்டு), கடைசியாக. குறுக்குவெட்டை இரு முனையிலும் 2 மி.மீ. நீட்டி வரைந்தால் அறுக்கும்போது விளிம்பு சுத்தமாக வரும். அப்படி நீட்டினால் ரெயிலையும் அதே 2 மி.மீ. நகர்த்த மறக்கவேண்டாம்.

எம்டிஎஃப் (மரநார் பலகை) என்றால் இவ்வளவு போதும். மரமாக இருந்தால் ஒரே பலகையில் வெட்டாதீர்கள், இரண்டு சட்டங்களில் ரேகை குறுக்கே ஓடி அந்த உதடு உடையும். சதுரச் சட்டங்களை 45° அறுத்து ஒட்டிக் காயவைத்து, அதன் மேல் டூல்பாத் ஓட்டுங்கள். பிட் போகும் ஆழத்தில் ஆணி இருக்கக்கூடாது. அல்லது ரெயிலை நேர்கோடாக்கி நீளச் சட்டமாக வெட்டி, பிறகு மைட்டர் (45°) அறுத்தால் பள்ளத்தாக்குக் கோடு உளி படாமலே கூர்மையாக வரும்.