சேலம் கோர்ட்டிலிருந்து லண்டன் வந்திருக்கும் வக்கீல்களுக்கு

ஊரில் வக்கீலாக இருந்துவிட்டு குடும்பத்தோடு இங்கே வந்தவர்களில் பலர், சட்டத்தொழில் இனி அவ்வளவுதான் என்று முடிவுகட்டி கிடைத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். வணிக வழக்கும் திவால் வழக்கும் பார்த்தவர்கள் தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள்.

முதலில் காகித வேலை. சென்னை பார் கவுன்சிலில் குட் ஸ்டாண்டிங் சர்டிபிகேட்டுக்கு (நம் பதிவு நல்ல நிலையில் இருக்கிறது என்ற சான்றிதழ்) உடனே விண்ணப்பம் போடுங்கள். இங்கே சொலிசிட்டர் (கட்சிக்காரருக்கு நேரடியாக வேலை பார்க்கும் வக்கீல்) ஆக 2021 முதல் எஸ்.க்யூ.இ. என்ற தகுதித் தேர்வுதான். முதல் கட்டத்தில் தலா 180 கேள்விகளோடு இரண்டு தாள். அடுத்த கட்டத்தில் வாதம், டிராஃப்டிங், கட்சிக்காரரிடம் பேசுவது எல்லாம் உண்டு. புதிதாகப் படித்து வருபவர்கள் 2 வருட வேலை அனுபவம் காட்ட வேண்டும். ஏற்கெனவே வக்கீலாகச் சன்னது வாங்கிய நமக்கு அது தேவையில்லை. இது தெரியாமலே உதவியாளர் வேலையில் வருஷத்தை ஓட்டுபவர்களைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை.

சரி, ஏன் திவால் சட்டம்? ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) மில் படுத்துவிட்டது என்று வையுங்கள். கிழங்கு போட்ட விவசாயிக்குப் பாக்கி, லாரிக்காரருக்குப் பாக்கி. பேங்க் ஸ்டேட்மென்டைப் புரட்டினால், மூடுவதற்கு நாலு மாதம் முன்னால் முதலாளியின் மச்சானுக்கு மட்டும் கைமாத்து முழுசாகத் திரும்பியிருக்கும். அந்த வரியைக் கண்டுபிடிக்கும் கண்தான் இந்தத் தொழிலுக்கு மூலதனம். இப்படி ஒருவருக்கு மட்டும் சாதகமாகக் கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்கத்தான் நம் 2016 திவால் சட்டத்தின் 43-வது பிரிவு. அதில், உறவுக்காரருக்குக் கொடுத்ததென்றால் 2 வருடம் பின்னால் போய்ப் பார்க்கலாம், மற்றவருக்கு 1 வருடம். இங்கே 1986 திவால் சட்டத்தின் 239-வது பிரிவுக்கும் அதே வேலைதான். உறவுக்கு அதே 2 வருடம், மற்றவருக்கு 6 மாதம். ஒரு வித்தியாசத்தை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நம்மூரில் கொடுத்தவரின் எண்ணம் என்ன என்று பார்ப்பதில்லை. இங்கே வாங்கியவருக்குச் சாதகம் செய்யும் விருப்பம் கொடுத்தவருக்கு இருந்ததா என்று பார்ப்பார்கள். உறவு என்றால் இருந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்டுவது எதிர்த்தரப்பின் பாடு. இன்டர்வியூவில் இதைச் சொல்லிப் பாருங்கள், 'சிவில் கேஸ் நடத்தினேன்' என்பதைவிட நின்று பேசும்.

இன்னொன்று. அங்கே 2020 மார்ச்சிலிருந்து கம்பெனி மேல் திவால் மனு போட 1 கோடி ரூபாய் பாக்கி இருக்க வேண்டும். இங்கே 750 பவுண்டுக்கு மேல் பாக்கி இருந்தாலே டிமாண்ட் நோட்டீஸ் அனுப்பி, 21 நாள் பார்த்துவிட்டு மனு போடலாம். அதனால் சின்ன வியாபாரிகளின் கேஸ் நிறைய வரும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வியாபாரிகளின் துண்டுச்சீட்டுக் கணக்கைப் படித்துப் பழகியவர்களுக்கு அது கைவந்த வேலை.

சொலிசிட்டராகப் பெயர் பதிவாகும் வரை விசிட்டிங் கார்டில் சொலிசிட்டர் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், குற்றம்.

அப்புறம், ஃபெட்டர் லேனில் இருக்கும் ரோல்ஸ் பில்டிங் கோர்ட்டுக்குப் போய் வாருங்கள். கம்பெனி திவால் மனுக்கள் அங்கே விசாரணைக்கு வரும், யாரும் உள்ளே உட்காரலாம். ஒவ்வொரு மனுவுக்கும் வக்கீல் எத்தனை வாக்கியம் பேசுகிறார் என்று கவனியுங்கள். அஸ்தம்பட்டி சேலம் கோர்ட்டில் நாம் பேசிப் பழகிய நீளம் இங்கே எடுபடாது.