கொய்யாவ காலி பண்றது பெரிய வவ்வாலா, சின்ன வவ்வாலா?

தோப்புக்காரன்:
தோப்புக்கு கொஞ்சம் தள்ளி ஆலமரத்துல பழந்தின்னி வவ்வால் நூத்துக்கணக்குல தொங்குது, கொய்யா பழுத்தா ஒண்ணு மிச்சம் விடறதில்ல, மரத்தடில வெடி போட்டு விரட்டலாம்னு இருக்கேன். கூடாதுன்றவங்க காரணத்தோட வாங்க.

இரவாடி:
முதல்ல எது திங்குதுன்னு ராத்திரி டார்ச் எடுத்துட்டுப் போய் பாத்தீங்களா? பழந்தின்னி ஒரு கிலோ வரைக்கும் அதுக்கு மேலயும் வரும், றெக்கை விரிச்சா நாலடி, மரத்துலயே தொங்கி ஒண்ணோட ஒண்ணு சண்டை போட்டுகிட்டு திங்கும், அந்த கூச்சல்ல உங்களுக்கு தூக்கமே வராது. குட்டைமூக்கு வவ்வால் அப்படி இல்ல, ஐம்பது கிராம் சுமாருக்குத்தான் இருக்கும், நைசா வந்து பழத்த கவ்விகிட்டு பக்கத்துல பனையோலைக்கு அடில போய் திங்கும். பழம் காணோம், சக்கையும் கொட்டையும் வேற மரத்தடில கிடக்குன்னா அது இவரோட வேலை.

தோப்புக்காரன்:
ரெண்டு எடத்துலயும்தான் கிடக்கு. ஐம்பது கிராம் ஜந்து என் தோப்ப காலி பண்ணுதாக்கும்!

இரவாடி:
ஒரு ராத்திரிக்கு கிட்டத்தட்ட தன் எடைக்கு திங்கும்ங்க, கூட்டமா வந்தா கணக்கு போட்டுக்குங்க. அதுவும் இது வருஷத்துக்கு ரெண்டு தடவ குட்டி போடும், பழந்தின்னி ஒரே ஒரு தடவ, அதுவும் ஒரு குட்டி. வெடி போட்டா அடி வாங்கறது மெதுவா பெருகற பெருசு, சின்னது அடுத்த நாளும் வரும்.

மலபார்_மச்சான்:
ஆள கொல்ற நிபா காய்ச்சல மறந்துட்டீங்களா? 2018ல கோழிக்கோட்டுல அதுல எத்தன பேர் செத்தாங்க? அந்த வைரஸ் இருக்கறது பழந்தின்னி கிட்டதான். சின்னது மேல பழி போட்டு பெருச காப்பாத்தாதீங்க.

இலுப்பக்கொட்டை:
கடிச்ச பழத்த திங்காத, வவ்வால கையால தொடாத, அவ்ளோதான். விரட்டினா அது எங்க போகும், நாலு ஊருக்கு பிரிஞ்சு போகும். எங்க ஊர் பக்கம் வவ்வால் மரத்தடில இலுப்பக்கொட்டை பொறுக்கி எண்ணெய் ஆட்டுவாங்க, அது போட்டுட்டுப் போற விதைதான். அப்புறம் சட்டம்: 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல காக்கா எலியோட சேத்து, கொன்னா தப்பில்லன்ற பட்டியல்ல வச்சிருந்தாங்க, அதனாலதான் பெரியவங்க இன்னும் சுடலாம்னு நினைக்கறாங்க, 2022 திருத்தத்துல பழந்தின்னி பாதுகாக்கற மிருகங்களோட ரெண்டாவது அட்டவணைக்கு போயிருச்சு, கேஸ் ஆகும்.

தோப்புக்காரன்:
சட்டம் போட்டவங்க வலைக்கு காசு தருவாங்களா?

இரவாடி:
அது நியாயமான கேள்வி, என்கிட்ட பதில் இல்ல. வலை போட்டா மட்டும் தொய்வா தொங்கவிடாதீங்க, றெக்கை மாட்டி சாகும், சின்ன கண்ணி வலையா வாங்கி இழுத்துக் கட்டுங்க.

தோப்புக்காரன்:
ஒரு வரிசைக்கு மட்டும் கட்டிப் பாக்கறேன். ஆலமரத்து ஆளுங்க மேல சந்தேகம் இன்னும் போகல.