அம்மம்மா பெயரில் வீடு, அம்மா யார்? உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

கொட்டாஞ்சேனைக்காரி:
அரசாங்க வாடகை வீட்டை ஆயுள் முழுக்கக் கொடுப்பதா, அவ்வப்போது பார்த்து எடுப்பதா என்ற பேச்சுக்கு என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். அரசாங்க பிளாட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும், அதனால் நீட்டி முழக்கவில்லை. வீடு அம்மம்மா பெயரில். வாடகை வீடுதான், ஆனால் எங்கள் வாயில் அது ஒருநாளும் வாடகை வீடாக வந்ததில்லை. அம்மம்மா போய், முப்பத்தோராம் நாள் முடிந்து இரண்டு வாரத்தில் வீட்டு அலுவலகத்திலிருந்து கோப்போடு இரண்டு பேர் வந்தார்கள். "பதிவுக்காரர் எங்கே?" என்று கேட்டார் ஒருவர், வீடு யார் பெயரில் பதிவோ அவர். நான் சுவரைக் காட்டினேன். படத்துக்கு மாலை போட்டிருந்தது, கீழே அந்தச் சின்னச் சிவப்பு பல்ப் எரிந்துகொண்டிருந்தது. அவர் படத்தைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், 'இல்லை' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டார். சந்தைக்குப் போனவருக்கும் செத்தவருக்கும் ஒரே கட்டம். அப்புறம் அம்மாவின் பெயரைக் கேட்டு எழுதினார். எங்கே எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்தேன். 'தங்கியிருப்போர்'. அந்த வீட்டில் பிறந்து, அந்த வீட்டிலிருந்தே கல்யாணம் கட்டி, எங்களையும் அங்கேயே வளர்த்த மனுஷி. வயது 52. வந்தவர்களுக்குத் தங்கியிருப்பவர்தான் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார்.

அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள், அதனால்தான் இன்னும் குடைகிறது, திட்டுவதற்குக்கூட ஆளில்லை. வீட்டை ஆயுளுக்குக் கொடுப்பது என்றால் யாருடைய ஆயுளுக்கு?

மூன்றாம் மாடி:
நான் மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். நான் இருந்தது இப்படியான ஒரு பிளாட்டில், உள்வாடகைக்கு. பதிவுக்காரர் வத்தளையில் சொந்த வீடு கட்டிப் போய்விட்டார். அவர் அலுவலகத்துக்குக் கட்டியது சில ஆயிரம், என்னிடம் வாங்கியது 22,000, சாவி தருவதற்கென்று கீ மணி வேறு. பரிசோதனைக்கு ஆள் வருகிறதென்று தெரிந்தால் முதல் நாளே போன் வரும்: "நீங்கள் என் தங்கச்சியின் மகள், மறக்க வேண்டாம்." நானும் மகளும் படிக்கட்டில் உட்கார்ந்து அவருடைய பிள்ளைகளின் பெயர்களைப் பாடமாக்குவோம். ஒருநாள் வந்தவர் என்னைக் கேட்காமல் மகளைக் கேட்டார், "மாமாவின் கடைசிப் பிள்ளை பெயர் என்ன?" என்று. ஏழு வயதுப் பிள்ளை, சரியாகச் சொல்லிவிட்டு, சரியா என்று என் முகத்தைப் பார்த்தது. அந்தப் பார்வையை நான் என்ன செய்ய?

ஆயுள் முழுக்க என்பது அங்கே இருப்பவருக்கு என்றால் சரி. வத்தளையில் இருப்பவருக்கு எதற்கு? ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பார்த்து, வசதி வந்துவிட்டால் எடுத்து இல்லாத ஆளுக்குக் கொடுக்கட்டும்.

தெமட்டகொடைப் பையன்:
அக்கா, உங்களுக்கு நடந்தது பாவம்தான், ஆனால் 'எடுத்து' என்று இவ்வளவு லேசாக எழுதாதீர்கள். எங்களுக்கு யாரும் தானமாகத் தரவில்லை. தோட்டத்தில், அதாவது கொழும்பில் நெருக்கி நெருக்கி வீடு கட்டியிருக்கும் குடியிருப்பில், எங்களுக்கு வீடு இருந்தது, சீமெந்துத் தரை, தண்ணீர், கரண்ட், எல்லாம். அதை உடைத்துவிட்டுத்தான் ஒன்பதாம் மாடியில் ஏற்றினார்கள். முதலில் ஒரு லட்சம், அப்புறம் மாதாமாதம், 30 வருஷம். சாவி கொடுத்த அன்று அந்தத் தாளை ஆச்சிக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். அவருக்கு அப்போது 61. விரலை மடக்கி எண்ணினார், எண்ணிவிட்டு, "அப்போ தொண்ணூற்றொன்றில் எனக்குச் சொந்தமா?" என்று கேட்டுச் சிரித்தார், அங்கே நின்ற ஆட்களும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

தோட்டத்து வாசலில் ஆப்பம் சுட்டு விற்றவர். ஒன்பதாம் மாடிக்கு ஆப்பம் வாங்க யார் ஏறுவார்? லிஃப்ட் பாதி நாள் ஓடாது. தவணை பிந்தியதும் சிவப்பு எழுத்தில் கடிதம் வந்தது. அப்புறம் 2024 வரவு செலவுத் திட்டத்தில் அப்போதைய ஜனாதிபதி ரணில் 50,000 குடும்பங்களுக்கு உரிமை கொடுப்பதாகவும் இனி வாடகை இல்லை என்றும் அறிவித்தார். அதற்குள் ஆச்சி போய்விட்டார். வட்டிக்கு வாங்கித் தவணை கட்டியவர்கள் எங்கள் மாடியில் எத்தனை பேர் தெரியுமா, அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

மூன்றாம் மாடி:
தம்பி, நான் உங்கள் ஆச்சியைச் சொல்லவில்லை. வத்தளைக்காரரைச் சொன்னேன்.

தெமட்டகொடைப் பையன்:
சட்டம் வந்தால் வத்தளைக்காரர் லோயர் பிடித்துத் தப்புவார். மாட்டுவது ஆச்சிதான்.

ஓய்வுபெற்ற கிளாக்கர்:
இருவரும் கொஞ்சம் பொறுங்கள். என் கதை சின்னது. வீட்டு வாடகை வாங்கும் அலுவலகக் கவுண்டரில் இருந்த காலத்தில் ஒருவர் தகப்பனின் மரண அத்தாட்சிப் பத்திரத்தைக் கொண்டுவந்தார், மடித்து மடித்து நான்காகப் பிய்ந்திருந்தது. எத்தனை வருஷத்துக்கு முந்தியது என்று கேட்டால் 19. இவ்வளவு காலமும் செத்த தகப்பனின் பெயரிலேயே வாடகை கட்டியிருக்கிறார், நாங்களும் ரசீது வெட்டியிருக்கிறோம்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பெயர் மாற்றத்தைப் பதிவுக்காரர் உயிரோடு இருக்கும்போதே செய்யுங்கள். நம் ஆட்கள் செய்வதில்லை, அம்மாவிடம் போய்ப் பெயரை மாற்றுங்கள் என்றால் சாகச் சொல்வது போலிருக்கும் என்று வெட்கம். வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோருடைய பெயரும் வருஷா வருஷம் வாக்காளர் இடாப்பில் அந்த விலாசத்திலேயே இருக்க வேண்டும், பாட்டி வீட்டு விலாசத்தில் ஒன்று மாமா வீட்டில் ஒன்று என்று சிதற விடாதீர்கள். கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழ், பிள்ளைகளின் பாடசாலைக் கடிதம், பழைய ரசீது, எதையும் எறிய வேண்டாம். ரசீதை லெமினேட் பண்ணாதீர்கள், போட்டோகொப்பி எடுத்து வையுங்கள், மை மங்கிவிடும். கொடுக்கும் கடிதம் ஒவ்வொன்றிலும் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். முக்கியமாக, இப்படியான வீட்டை அற்றோணித் தத்துவம் (தனக்காகச் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுதி 'வாங்க'ப் போகாதீர்கள், எழுதிக் கொடுத்தவர் செத்தால் அந்தத் தத்துவமும் செத்தது, உங்கள் கையில் இருப்பது வெறும் தாள்.

1972 வாடகைச் சட்டமும் 1973 வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டமும் வந்தபோது இருந்த பேச்சே வேறு. குடியிருந்தவரை லேசில் எழுப்ப முடியாது, அளவுக்கு மேல் வீடு வைத்திருந்தவர்களின் வீடுகளை அரசு எடுத்துக் குடியிருந்தவர்களுக்கே விற்றது. குடியிருப்பவன்தான் வீட்டுக்காரன் என்ற நினைப்பு இந்த ஊரில் அங்கிருந்து வந்தது. இன்று இருக்கும் பிள்ளைகளுக்கு அது தெரியாது, சரி விடுங்கள்.

வெள்ளவத்தை மாமி:
நான் பிளாட்டில் இருந்ததில்லை, ஆனால் லண்டனில் பார்த்ததைச் சொல்கிறேன். ஈஸ்ட் ஹாமில் என் சித்தி கவுன்சில் வீட்டில், அதாவது உள்ளூர் சபை வாடகைக்குக் கொடுக்கும் வீட்டில் இருந்தார். அங்கே 1980இல் வந்த சட்டத்தோடு கவுன்சில் வீட்டுக்காரருக்கு ஆயுள் உரிமை கிடைத்தது, விரும்பினால் வாங்கவும் முடிந்தது. 2011இல் ஆயுளுக்குக் கொடுக்கத் தேவையில்லை, குறித்த காலத்துக்குக் கொடுக்கலாம் என்று மாற்றினார்கள். 2016இல் அதைக் கட்டாயமாக்கச் சட்டம் போட்டு, 2018இல் வேண்டாம் என்று கைவிட்டார்கள். அவர்களுக்கே முடிவு தெரியவில்லை!

சித்தி போனபின் வீடு அவர் மகனுக்குச் சட்டப்படி ஒருமுறை கைமாறலாம், ஆனால் மூன்று அறை உனக்கு எதற்கு, சின்ன வீட்டுக்குப் போ என்று கடிதம். நான் போன அன்று அவன் சித்தியின் டீக்கோப்பைகளை ஒவ்வொன்றாகப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தான். 12 கோப்பை. ஆறு போதும் என்று சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் 12யும் சுற்றினான். எனக்கு அப்போது நியாயமாகத்தான் பட்டது, மூன்று பிள்ளைகளோடு வெளியே நிற்கும் குடும்பமும் இருக்கிறதுதானே. இப்போதும் படுகிறது. ஆனால் அந்த ஆறு கோப்பையை நான் ஏன் சொன்னேன்?

தெமட்டகொடைப் பையன்:
மாமி, அங்கே சின்ன வீடாவது தருகிறார்கள்.

கொட்டாஞ்சேனைக்காரி:
கிளாக்கர் ஐயாவுக்கு நன்றி, ரசீதுகளை அம்மா ஏற்கெனவே லெமினேட் பண்ணிவிட்டார். 'மூன்றாம் மாடி' அக்கா சொன்னதை இரண்டு நாளாக யோசித்தேன், எங்கள் படிக்கட்டிலும் அப்படி இரண்டு வீடு உண்டு, நாங்கள் யாரும் காட்டிக்கொடுத்ததில்லை, அது சரியா என்று தெரியவில்லை. எங்கள் கோப்பு இன்னும் 'பரிசீலனையில்'. கரண்ட் பில் அம்மம்மா பெயரில்தான் வருகிறது. இப்போதெல்லாம் கதவு தட்டினால் அம்மா முதலில் போய் அந்த பில் கட்டை எடுத்துக்கொண்டுதான் திறக்கிறார். நேற்று தட்டியது எதிர்வீட்டுப் பிள்ளை, கறிவேப்பிலை கேட்டு.