பிக்கப் டிரக்கின் பின்பக்கத்தைத் தாழ்த்தி மட்டப்படுத்த எந்த முறை நல்லது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். டெக்சாஸில் 2018ஆம் ஆண்டின் ஃபோர்ட் எஃப்-150 வண்டியை ஓட்டுகிறேன். நான்கு கதவு, ஐந்தரை அடிப் பெட்டி, நான்கு சக்கர இயக்கம் கொண்டது. சுமையில்லாமல் நிற்கும்போது அதன் பின்பக்கம் முன்பக்கத்தைவிட ஏறத்தாழ 2 அங்குலம் உயர்ந்திருக்கிறது. பலரும் முன்பக்க ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேல் ஸ்பேசர் என்னும் இடைத்தகடு வைத்து மூக்கை உயர்த்துகிறார்கள். எனக்குப் பெட்டியில் பொருள் ஏற்றி இறக்கும் உயரம் குறைய வேண்டும் என்பதால் பின்பக்கத்தைத் தாழ்த்தவே விரும்புகிறேன். ஆக்சிலுக்கும் (சக்கர அச்சு) பட்டை ஸ்பிரிங்குக்கும் இடையிலுள்ள பிளாக் என்னும் கட்டையை எடுத்துவிடலாமா, அல்லது ஸ்பிரிங்கின் முனையைச் சேசிஸுடன் (வண்டியின் அடிச்சட்டம்) இணைக்கும் ஷேக்கிளை மாற்றுவது நல்லதா? எப்போதாவது சிறிய படகு டிரெய்லரையும் இழுப்பேன்.

பதில் 1

தங்கள் முடிவு சரியானதே. முன்பக்கத்தை உயர்த்தினால் முன் சக்கரங்களுக்கு இயக்கத்தைக் கொண்டுசெல்லும் சி.வி. ஜாயின்டுகளும், அவற்றைத் தாங்கித் திரும்பவிடும் பால் ஜாயின்டுகளும் கூடுதல் சாய்வில் வேலை செய்ய வேண்டியிருக்கும். பின்பக்கத்தைத் தாழ்த்தினால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் தொழிற்சாலையில் பின்பக்கத்தை உயர்த்தி வைப்பது அழகுக்காக அன்று. சுமை ஏறியதும் வண்டி மட்டமாக நிற்பதற்காக. டிரெய்லரின் எடையில் பொதுவாக 10 முதல் 15 சதவீதம் வரை கொக்கியின் மேல் அழுத்தும் என்பதால், தாழ்த்திய வண்டியில் படகை மாட்டினால் வால் தணிந்து மூக்கு எழும். எனவே ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றடைத்த ஏர் பேக் (விபத்தில் விரியும் பை அன்று) பொருத்திக்கொள்ளுங்கள். அது உயரத்தை மீட்டுத் தருமே தவிர, கதவோரத்தில் ஒட்டியிருக்கும் சுமை வரம்பை ஒரு பவுண்டு கூட அதிகரிக்காது.

பிளாக்கை எடுப்பதே எளிய வழி என்பது என் கருத்து. அதன் உயரம் எவ்வளவோ அவ்வளவு வண்டி தாழும். ஆகவே முதலில் அதை அளந்து பாருங்கள். ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிணைக்கும் பழைய யூ போல்ட்டுகள் பிளாக் இல்லாதபோது தேவைக்கு மேல் நீளமாக இருக்கும் என்பதோடு, ஒருமுறை முறுக்கி நீண்டவற்றை மீண்டும் பயன்படுத்துவது ஆபத்து. சரியான நீளத்தில் புதியவற்றையே வாங்குங்கள். ஆக்சிலுக்கும், அது மேலே வந்து சேசிஸில் மோதாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் உள்ள இடைவெளி தாழ்த்திய அளவுக்கே குறையும். பள்ளத்தில் இறங்கும்போது அது இடிக்குமானால் குட்டையான பம்ப் ஸ்டாப்பும், அதற்கேற்ற ஷாக் அப்சார்பரும் தேவைப்படும்.

பதில் 2

ஷேக்கிளைப் பற்றிச் சிறு விளக்கம். ஸ்பிரிங்கின் கண் (அதன் முனையிலுள்ள வளையம்) சேசிஸ் பிடிப்புக்கு மேலே இருந்தால் நீளமான ஷேக்கிள் வண்டியைத் தாழ்த்தும். கீழே இருந்தால் அதே ஷேக்கிள் வண்டியை உயர்த்திவிடும். ஆக்சில் ஸ்பிரிங்கின் நடுப்பகுதியில் இருப்பதால், 2 அங்குலம் தாழ்த்துவதற்குக் கண்ணை ஏறத்தாழ 4 அங்குலம் நகர்த்த வேண்டும். சுமார் 60 அங்குல நீள ஸ்பிரிங் இதனால் கிட்டத்தட்ட 4 டிகிரி திரும்பும். அதோடு டிஃபரன்ஷியலின் (பின் ஆக்சிலிலுள்ள பல்சக்கரப் பெட்டி) பினியனும் திரும்புவதால், அதற்குச் சுழற்சியைக் கொண்டுவரும் டிரைவ் ஷாஃப்டில் அதிர்வு வரலாம். ஆப்பு வடிவத் தகடு வைத்து அந்தக் கோணத்தைச் சரிசெய்யலாம். இருபுறமும் ஒரே தடிமனுள்ள பிளாக்கை எடுக்கும்போது ஸ்பிரிங் திரும்புவதில்லை என்பதால் நானும் அதையே பரிந்துரைக்கிறேன்.

பதில் 3

முகப்பு விளக்குகளை யாரும் குறிப்பிடவில்லை. தங்கள் வண்டியின் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலுள்ள தூரம்) 145 அங்குலம். பின்பக்கம் 2 அங்குலம் தாழ்ந்தால் 25 அடி தொலைவிலுள்ள சுவரில் ஒளி 4 அங்குலம் மேலேறும். எதிரே வருபவரின் கண் கூசும். ஆகவே வேலை முடிந்த அன்றே விளக்குகளைச் சரிசெய்யுங்கள். பழைய டொயோட்டா பிக்கப் வைத்திருப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: அவற்றில் பலவற்றின் பின் ஆக்சிலில் சுமையை உணரும் பிரேக் வால்வு இருக்கும். தாழ்ந்த உயரத்தை அது சுமை என்று எடுத்துக்கொண்டு, பின் சக்கரங்களுக்குக் கூடுதல் அழுத்தம் அனுப்பும். ஈரச் சாலையில் அவை பூட்டிக்கொள்ளும். அதன் நெம்புகோலையும் தாழ்த்திய அளவுக்கு ஏற்பத் திருத்த வேண்டும்.

கேட்டவர்

மிக்க நன்றி. பிளாக்கை அளந்து, அதை எடுக்கும் வழியிலேயே செல்கிறேன். உயரத்தைச் சக்கர வளைவில் அளந்தால் போதுமா?

பதில் 1

போதாது. முன், பின் வளைவுகள் ஒரே உயரத்தில் வெட்டப்பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. சமதளத்தில் நிறுத்தி, வழக்கமாக வைத்திருக்கும் பொருள்களோடு, கதவுகளுக்குக் கீழே சேசிஸ் நேராக ஓடும் இடத்தில் முன்னும் பின்னும் தரையிலிருந்து அளந்து பாருங்கள். ஸ்பிரிங் கண்களின் போல்ட்டுகளைத் தளர்த்த நேர்ந்தால், வண்டியின் எடை சக்கரங்களின் மேல் இறங்கிய பிறகே அவற்றை இறுக்குங்கள்; தொங்கும் நிலையில் இறுக்கினால் கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழிந்துவிடும்.