அம்மாவுக்கு வரிசையாக நாலு பல் இல்லை, என்ன செய்யலாம்?
தக்கலைப் பக்கம் இருக்கிறோம். அம்மாவுக்கு 62 வயது, சர்க்கரை உண்டு. கீழ்த்தாடையில் வலது பக்கம் அடுத்தடுத்து நாலு பல் போய்விட்டது. மரச்சீனியும் மீன்குழம்பும் எப்படியோ இறங்குகிறது. முறுக்கைத்தான் ஏக்கத்தோடு பார்க்கிறார். கழற்றி மாட்டும் பல்செட் செலவு குறைவு, ஆனால் அம்மா பிடிகொடுக்கவில்லை. பிரிட்ஜ் (பக்கத்துப் பல்லைப் பிடித்து நிலையாக ஒட்டும் செயற்கைப் பல்வரிசை) என்றால் இரண்டு பக்கமும் உள்ள நல்ல பல்லை ராவ வேண்டும். நாலு பல் இடைவெளியை அவை தாங்குமா என்று டாக்டரே யோசிக்கிறார். இரண்டு இம்பிளாண்ட் (தாடை எலும்பில் பதிக்கும் திருகு) வைத்து அதன்மேல் பிரிட்ஜ் கட்டலாமாம். எலும்போடு ஒட்ட 3 முதல் 6 மாதம் ஆகும், சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறார்.

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் சர்க்கரை உள்ளவர்கள் யாராவது இப்படிச் செய்திருக்கிறீர்களா? மொத்தம் எவ்வளவு ஆனது? இப்போது நன்றாக மெல்ல முடிகிறதா? கொஞ்சம் சொல்லுங்கள்.